உன் சித்தப்பாவிடம் வாங்கிய கைநாட்டு

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அடுத்த வாரம் நீ காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அது பொய் என்று தெரிந்துபோகும். இடது புருவத்துக்கு மேல் நாலு தையல் போட்டிருக்கிறது. மூக்கு வீங்கிக் கிடக்கிறது. கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளையின் அப்பனைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று உன் அம்மாவுக்குக் கவலை. "மாடு முட்டிருச்சுன்னு சொல்லிருங்க, வேற எதையும் ஒளறிப்புடாதீக" என்று எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேரிடம் அப்படியே சொல்லிவிட்டேன், மீதிப் பேர் அடி விழுந்தபோது அங்கேயே இருந்தவர்கள். உன்னிடம் மாட்டுக் கதை சொல்ல மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு கதை சொல்லி உன்னைப் பத்து வருஷமாக நம்ப வைத்திருக்கிறேன்.

உன் சித்தப்பா சேது ஏன் வீட்டை விட்டுப் போனான் என்று நீ கேட்ட போதெல்லாம் பாகப்பிரிவினைத் தகராறு என்றேன். நம் வீட்டில் பாகப்பிரிவினையே நடக்கவில்லை. அவன் பங்கு நிலத்தையும் சேர்த்து நான்தான் இன்றுவரை உழுகிறேன். அவன் போனதற்குக் காரணம் என் கை. இந்தக் கை எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியும். எட்டாவது படிக்கும்போது மார்க் அட்டையில் என் கையெழுத்தை நீயே போட்டாய் என்று கன்னம் பழுக்க அறைந்தேன், மூன்று நாள் நீ இடது பக்கமாகவே மென்று சாப்பிட்டாய். அடுத்தவன் கையெழுத்தைப் போடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குப் புத்தி சொன்ன நான் அதற்கு முந்தைய வருஷம் என்ன செய்திருந்தேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

நம் ஊர்க் கலை மன்றத்தைத் தொடங்கியவர்கள் என்று நோட்டீஸில் ஆறு பேர் பெயர் போடுவார்கள், அதில் என் பெயர் இரண்டாவது. உண்மையில் மன்றம் என்றால் அது சேதுதான். நாடகத்தை எழுதுவான், பாட்டு கட்டுவான், ஹார்மோனியத்துக்கு முன்னால் நின்று அவனே பாடுவான். நாங்கள் ஆறு பேரும் பந்தல் போட்டோம், மைக் செட் பிடித்தோம், முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அறுபத்தைந்து வாக்கில் சர்க்கார் இப்படிப்பட்ட மன்றங்களுக்கு மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மேடை, வெல்வெட் திரை, மடக்கு நாற்காலி என்று மனசிலேயே வாங்கி அடுக்கிவிட்டோம். ஆனால் மானியம் வேண்டுமென்றால் மன்றத்தை முதலில் சங்கமாகப் பதிய வேண்டும். ஏழு பேர் கையெழுத்து வேண்டும். யாரும் மன்றத்திலிருந்து லாபம் எடுத்துக்கொள்ளக் கூடாது, மன்றம் கலைந்தால் சாமான்கள் இன்னொரு பொதுச் சங்கத்துக்குத்தான் போக வேண்டும் என்றெல்லாம் சட்டதிட்டம் எழுத வேண்டும். காரைக்குடியில் ஒரு டைப் அடிக்கிறவரைப் பிடித்தேன். அவர் ஏதோ படிப்பகத்தின் சட்டதிட்டத்தைப் பார்த்து அடித்துக் கொடுத்தார். அதில் மன்றத்தின் முதல் நோக்கம் பத்திரிகைகளைக் கிழியாமல் பாதுகாப்பது என்று இருந்ததைச் சிவகங்கைப் பதிவு ஆபீசில் சுட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மூன்று தடவை திரும்பி வந்தது அந்த விண்ணப்பம்.

நாலாம் தடவை திரும்பியது டைப் அடிக்கிறவர் தப்பால் இல்லை, எங்கள் தப்பால். கோயில் வரியை ஊரில் தலைக்கட்டுக் கணக்கில்தான் எடுப்போம் என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. செட்டியார் வீடுகளில் புள்ளி என்பார்கள், கணக்கு ஒன்றுதான். கல்யாணம் ஆகாதவன் எத்தனை வயசானாலும் அப்பன் தலைக்கட்டிலோ அண்ணன் தலைக்கட்டிலோ அடக்கம். மன்றத்துக்கும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தோம், வேறு கணக்கு உண்டு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. சிவகங்கையிலோ தலைக்கட்டு கிலைக்கட்டெல்லாம் சட்டத்தில் கிடையாது, தனித்தனி ஆளாக ஏழு பேர் வேண்டும், மானியம் கேட்கப் போவதென்றால் நிர்வாகத்தில் ஒரு கலைஞராவது இருந்தால்தான் மெட்ராஸில் மதிப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஆறு தலைக்கட்டு. ஆறு பேரில் ஒருவனுக்கும் தாளம் கூடத் தட்டத் தெரியாது.

சேதுவுக்கு அப்போது முப்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன். என்னையும் மன்றத்தில் உறுப்பினராகச் சேருங்கள் என்று அதற்கு முன்னால் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். "தாலியக் கட்டிட்டு வாடா, சேத்துக்கிறோம்" என்று தலைவர் வைரவன் சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை அவன் தனக்காக மட்டும் கேட்கவில்லை. "வேசம் கட்டுற எட்டுப் பேரையும் சேத்துக்கங்கண்ணே. அவுக இல்லாம மன்றம் ஏது?" என்றான். அந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் எங்களுக்குச் சமமாக நாற்காலியில் உட்காரக் கூடாது என்று நாங்கள் நினைத்தவர்கள். அன்று கூட்டத்தில் வைத்தே அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். வாசற்படியில் விழுந்து முட்டி பெயர்ந்தது. அடுத்த வாரம் அந்த முட்டியோடு மேடையில் ஒற்றைக் காலில் நின்று அரை மணி நேரம் வசனம் பேசினான், முதல் வரிசையில் உட்கார்ந்து நான் கை தட்டினேன்.

இப்படித் துரத்தியவனின் பெயரைத்தான் ஏழாவது இடத்தில் எழுதினேன். அவனிடம் கேட்கவில்லை. பெயருக்கு நேரே கையெழுத்தையும் நானே போட்டேன். நம்பு, அப்போது அதைக் கள்ளக் கையெழுத்து என்று நான் நினைக்கவே இல்லை. அவன் என் தலைக்கட்டு, கோயில் வரி நோட்டில் அவனுக்கும் சேர்த்து நான்தானே கையெழுத்துப் போடுகிறேன், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பதிவு கிடைத்தது. மானியத்துக்கு எழுதிப் போட்டோம். ஐந்தாறு மாசம் கழித்து மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். மன்றத்துக் கொட்டகையில் தோரணம் கட்டி, இளநீர் வெட்டி, ஏழு பேரும் வரிசையாக நின்றோம். சேதுவை நாடகம் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன். அதிகாரி பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, கையெழுத்தைக் காட்டி, உங்களுடையதுதானே என்று கேட்டார். ஆறு பேரும் ஆமாம் என்றோம். ஏழாவதாக சேது அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னான்.

"இது எங்கண்ணன் கையெழுத்து சார். நான் இந்த மன்றத்துல உறுப்பினரே இல்ல."

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், வந்ததும் நான் பார்த்ததை எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வைரவன் வீட்டுக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தேன். திரும்பியதும் சேதுவை அறைந்தேன். உள்ளங்கையை விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்தேன். அவன் சுழன்று ஹார்மோனியத்தின் மேல் விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்து சட்டைக் காலருக்குள் போனது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. விலாவில் உதைத்தேன். ஊர் முன்னால் என்னைத் திருடனாக்கினான் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. சேது திருப்பி அடிக்கவில்லை. "கேட்டிருந்தா போட்டிருப்பேன்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்கும் ஒரு உதை விழுந்தது.

மணி இரண்டு ஆகிவிட்டது. அதிகாரி வந்துவிடுவார். பேனாவைக் கையில் திணித்தேன், தூக்கி எறிந்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்னுடையது, இதில் யாருக்கும் பங்கில்லை. என் பங்காளி பெரியசாமி அவன் தோளை அமுக்கிக்கொண்டான், வைரவனின் மச்சினன் கால்களின் மேல் உட்கார்ந்தான். சேது விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டான். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கட்டைவிரல் வர மறுத்தது, பின்பக்கமாக வளைத்தேன், மளுக்கென்று சத்தம் கேட்டது. ஸ்டாம்ப் பேடில் வைத்துத் தேய்த்து, பட்டியலில் நான் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் அந்த விரலை அழுத்தினேன். ஒன்பது நாடகம் எழுதியவன் கை அது. என் தம்பியை நான் கைநாட்டு ஆக்கினேன், மகனே.

அதிகாரி வந்து பார்த்தார். நாடகம் எழுதுபவர் ஏன் ரேகை வைத்திருக்கிறார் என்று கேட்டார். விரலில் அடிபட்டிருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் பார். சேதுவை அதற்குள் பின்பக்கமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அதிகாரி என்ன நினைத்தாரோ, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத்தான் சேதுவைக் காரைக்குடிக்குக் கூட்டிப் போனேன், அதுவும் உன் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டதால். "கூடப் பொறந்தவன இப்பிடி அடிச்சுப்புட்டீகளே, நாளைக்கு என்னையப் போட்டுத் தள்ள எம்புட்டு நேரமாகும்?" என்றாள். செவிப்பறை கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். விரல் கூடிவிட்டது. காது கூடவில்லை. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு அதே சுருதியில் பாடிப் பார்த்தான், சேரவில்லை. மறுபடி அழுத்தினான். நாலைந்து தடவை பார்த்துவிட்டுத் துருத்தியை மூடினான். மறுநாள் காலை பஸ்ஸில் வலையபட்டிக்குப் போனவன்தான், அங்கே கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருக்கிறான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சித்தப்பா எங்கே என்று கேட்டாய். பாகப்பிரிவினை என்றேன்.

மானியம் வந்தது. மேடை வந்தது, திரை வந்தது, முதுகில் மன்றத்தின் பெயர் எழுதிய இரும்பு நாற்காலிகள் வந்தன. நாடகம்தான் வரவில்லை. வேஷம் கட்டிய எட்டுப் பேரும் சேதுவோடு ஒதுங்கிவிட்டார்கள். வெளியூர்க் குழுக்களைக் கூப்பிட்டு ஆட விட்டோம். வருஷா வருஷம் உறுப்பினர் பட்டியலைச் சிவகங்கைக்கு அனுப்ப வேண்டும், அதில் ஏழாவதாக சேதுவின் பெயரை எழுதிக்கொண்டே இருந்தேன். அவனும் வருஷா வருஷம் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினான். என்னை நீக்கிவிடுங்கள் என்றுதான் இருக்கும் என்று தெரியும். என்னை என்னென்ன திட்டியிருப்பானோ என்ற பயத்தில் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒன்பது கவர்களையும் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். அவனை அடித்தது ஒரு நாள். அவன் பெயரை விடாமல் பிடித்து வைத்திருந்தது பத்து வருஷம். இரண்டில் எது பெரிய அடி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் உன் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். சேது வராமல் இந்த வீட்டில் பந்தக்கால் நடக்கூடாது என்றாள். போன மாசம் வலையபட்டிக்குப் போனேன். ஏணியில் நின்று ஒரு மருந்துக் கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு அங்குட்டுப் போய்க் கூப்பிட்டதும் பார்த்தான். பத்திரிகையை நீட்டினேன். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு வாங்கினான், அழைப்பவர்கள் வரிசையில் தன் பெயரும் அச்சாகியிருப்பதைப் படித்தான். ஆமாம், மறுபடியும் கேட்காமல்தான் போட்டிருந்தேன், அவன் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "நீங்க திருந்தவே மாட்டீங்களாண்ணே?" என்றான். கோபமாகக் கூட இல்லை. "நான் போட்ட கடுதாசியக் கூட்டத்துல படிங்க. சத்தமாப் படிங்க. அப்பறம் பாப்போம்." அவ்வளவு சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு. ஒன்பது கவர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் நின்று முதல் கவரைக் கிழித்தேன். ஒரே வரிதான் இருந்தது. "சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறேன், மன்றம் நன்றாக இருக்க வேண்டும்." இரண்டாவதிலும் அதே வரி. ஒன்பதிலும் அதே வரி. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, காதைப் பற்றி இல்லை, விரலைப் பற்றி இல்லை. இதற்குப் பயந்தா பூட்டி வைத்தேன் என்று வாய்விட்டு அழுதேன், அத்தனை பேர் முன்னால். வைரவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரிப்பா, ஏத்துக்கிருவோம். ஏழுக்கு ஆள் கொறையுதுன்னு கவலப்படாத. ஒம் மகன்தான் தாலி கட்டப் போறான்ல, தலைக்கட்டாயிட்டான். அவன் பேர எழுதிக் கையெழுத்தப் போட்டு விடு" என்று மினிட் நோட்டை என் பக்கம் தள்ளினான். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நானும் பேனாவை எடுத்தேன். உன் இனிஷியலை எழுதிவிட்டேன், மகனே. பெயரின் முதல் எழுத்துக்குப் போகும்போதுதான் நிறுத்தினேன்.

பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்ததை, உதைத்ததை, விரலை ஒடித்துக் கைநாட்டு வாங்கியதை, தோளை யார் அமுக்கினார்கள், காலில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை. சிவகங்கைக்கும் எழுதிப் போடப் போகிறேன் என்றேன். பெரியசாமி எழுந்து வந்து மூக்கில் குத்தினான். வைரவன் மடக்கு நாற்காலியைத் தூக்கி நெற்றியில் போட்டான். கீழே விழுந்தவனை நாலைந்து பேர் மிதித்தார்கள், மன்றத்தை ஒழிக்க வந்தவன் என்று கத்தினார்கள். நான் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. சும்மா கிடக்கவில்லை. வைரவனுக்கு ஒரு முன்பல் போயிற்று. அதற்காக வருத்தப்படுகிறேனா என்றால், இன்னும் இல்லை. அறுபது வயசை நெருங்கியும் இந்தக் கை அடங்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வரப் போகிற பெண்ணுக்குப் பதிலாக நீ எதிலும் கையெழுத்துப் போடாதே, ரேஷன் கார்டாக இருந்தாலும் சரி. அவள் என்ன நினைக்கிறாள் என்று உனக்குத் தெரியும் என்று தோன்றும்போதுதான் கட்டாயம் கேள். எனக்கும் அப்படித்தான் தெரியும் என்று தோன்றியது. மன்றத்தில் சேர வேண்டுமா என்பதும் உன் இஷ்டம், அது இருந்தால். சிவகங்கைக்கு எழுதிய கடிதத்தை நேற்றுப் போட்டுவிட்டேன். கேஸ் வந்தால் வரட்டும்.

இன்று காலை சேது வந்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு நம் வாசலில் செருப்பைக் கழற்றினான். உன் அம்மா கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் என் எதிரே வந்து நின்று தையலை, மூக்கை, உதட்டை நிதானமாகப் பார்த்தான். மன்னித்துவிட்டான் என்று நான் நினைத்தேன், வெட்கமில்லாமல் கையைக்கூட நீட்டினேன். "பத்தாதுண்ணே" என்றான். பத்தாதுதான் என்றேன். பிறகு உன் அம்மா போட்ட இட்லியைத் தின்றான், நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று கேட்டான். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், பயலை நானே கூட்டி வருகிறேன் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். வண்டியில் அவனுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொள். வழியில் நடந்ததை அவன் வாயாலும் கேள். நான் இதில் எழுதியிருப்பதற்கும் அவன் சொல்வதற்கும் எங்கெங்கே வித்தியாசம் வருகிறதோ, அங்கெல்லாம் அவன் சொல்வதையே நம்பு.

உன் அப்பா